மணல் பருமன் ஓட்டிலிருந்து பழங்கடலின் மட்டத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கேள்வி, 3 ஆகஸ்ட் 2025 (கொட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்)

20,000 ஆண்டுகளுக்கு முன் குமரி முனையில் கடல் 120 மீட்டர் இறங்கியிருந்தது என்றும், கடலடிச் சேற்றில் கிடைக்கும் நுண்ணுயிர் ஓடுகளின் ஆக்சிஜனை வைத்து அதைக் கண்டுபிடித்தார்கள் என்றும் ஒரு காணொளியில் சொன்னார்கள். ஆகவே குமரிக்கண்டம் இருந்தது உறுதியாகிவிட்டது என்று அந்தக் காணொளி முடிகிறது. ஓட்டில் உள்ள ஆக்சிஜனுக்கும் கடல் மட்டத்துக்கும் என்ன தொடர்பு? யாராவது விளக்க முடியுமா?

3 ஆகஸ்ட், இரவு

காணொளியில் இருப்பவை இரண்டு கூற்றுகள். 120 மீட்டர் என்பது நன்கு நிறுவப்பட்ட அளவு. சில கணக்கீடுகளில் அது 130 வரையிலும் போகும். இரண்டாவது கூற்று முதலாவதிலிருந்து பிறக்காது. அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

கடலின் மேல்நீரில் மிதந்தும் அடிச்சேற்றில் ஊர்ந்தும் வாழும் ஒருசெல் உயிரிகளில் ஃபொராமினிஃபெரா என்றொரு பெருங்கூட்டம் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட்டால் தமக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. அந்தக் கார்பனேட்டுக்கு வேண்டிய ஆக்சிஜன் சுற்றியுள்ள கடல்நீரிலிருந்து வருகிறது. இயற்கையில் ஆக்சிஜன் அணுக்களில் மிகப் பெரும்பாலானவை 16 என்ற நிறை எண் உடையவை. ஏறத்தாழ 500க்கு ஒன்று 18 என்ற நிறை எண் உடையது. வேதி நடத்தையில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஆவியாகும்போதும் உறையும்போதும் படிகமாகும்போதும் கனமானதும் இலேசானதும் மிகச் சிறிய அளவில் பிரிந்து போகின்றன.

வெப்பமண்டலக் கடலிலிருந்து எழும் நீராவியில் இலேசான ஆக்சிஜன் சற்று மிகுந்திருக்கும். அந்த நீராவி துருவங்களை நோக்கிப் பயணப்படும் வழியெல்லாம் கனமான மூலக்கூறுகள் முந்திக்கொண்டு மழையாக இறங்கிவிடுவதால், கிரீன்லாந்திலும் அன்டார்க்டிகாவிலும் விழும் பனி மிக இலேசான நீராகவே இருக்கிறது. அந்தப் பனி உருகிக் கடலுக்குத் திரும்பாமல் பல்லாயிரம் ஆண்டுகள் நிலத்தின்மேல் பாளமாகத் தங்கிவிட்டால், கடலில் மிஞ்சுவது கனம் கூடிய நீர். பனி வளர வளரக் கடல் மட்டம் இறங்கும்; அதே வேளையில் கடல்நீரின் ஆக்சிஜன்-18 பங்கு ஏறும். அந்த நீரில் கட்டப்பட்ட ஓடு அந்தப் பங்கைத் தன்னுள் வைத்துக்கொண்டு சேற்றில் புதைகிறது. நீங்கள் கேட்ட தொடர்பு இதுதான்.

ஆனால் ஓட்டில் பதிவது பனியின் பங்கு மட்டும் அன்று. ஓடு உருவான நீர் குளிர்ந்திருந்தாலும் அதில் ஆக்சிஜன்-18 கூடும். இதன் கொள்கையை ஹெரால்ட் யூரே 1947இல் வகுத்தார். சாமுவேல் எப்ஸ்டைனும் உடனிருந்தோரும் 1953இல் அதை வெப்பநிலைச் சமன்பாடாக்கினர். ஓட்டின் ஆக்சிஜன் எண்ணில், அதாவது ஆக்சிஜன்-18 பங்கின் அளவில், ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம் என்பது ஏறத்தாழ 4 முதல் 4.5 டிகிரி செல்சியஸ் மாற்றத்துக்குச் சமம். பனி பெருகும் காலமும் கடல் குளிரும் காலமும் ஒன்றாகவே வருவதால் இரண்டும் எண்ணை ஒரே திசையில் தள்ளுகின்றன. பலசரக்குக் கடைச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தந்தால் அரிசிக்கு எவ்வளவு, பருப்புக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? 70 ஆண்டுகளாக இந்தத் துறையின் பெரும்பாடு அந்தப் பிரிப்புதான்.

4 ஆகஸ்ட்

"ஆயிரத்தில் ஒரு பங்கை எல்லாம் உண்மையிலேயே அளக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். படிப்பு முடிந்ததும் சில ஆண்டுகள் ஒரு கடல்நிலவியல் ஆய்வகத்தில் நான் செய்த வேலை அதன் முதற்படி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கப்பலிலிருந்து இறக்கிய குழாய்க்குள் சிக்கி வரும் சேற்று உருளையை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஆவணமாகக் குளிர் அறைக்குப் போகும். மறு பாதியை ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் என்று துண்டுபோட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய நீர்ப்பாய்ச்சலில் அலசவேண்டும். சாம்பல் நிறக் களிமண் முழுவதும் ஓடிப்போனபின் சல்லடையில் வெள்ளை மணல் போல ஒரு கைப்பிடி மிஞ்சும். முதல்முறை பார்ப்பவர்கள் அதை மணல் என்றே நினைப்பார்கள். கரையிலிருந்து விலகிய ஆழ்கடல் உருளையானால் அதில் பெரும்பகுதி ஓடுதான்.

அதை உலர்த்தி, 250 முதல் 355 மைக்ரான் வரையுள்ள பருமனை மட்டும் பிரித்து, கறுப்புத் தட்டில் தூவி நுண்ணோக்கியின் அடியில் வைக்கவேண்டும். கையில் இருப்பது மிக மெல்லிய ஓவியத் தூரிகை. அதன் நுனியை ஈரமாக்கித் தொட்டால் ஓடு ஒட்டிக்கொண்டு வரும். எங்களுக்கு வேண்டியது குளோபிஜெரினாய்டிஸ் ரூபர் என்ற இனம். கடைசிச் சுற்றில் மூன்று உருண்டை அறைகள், அவற்றின் அடியில் ஒரு பெரிய வாயும் முதுகுப்புறத்தில் இரண்டு சிறு வாய்களும் கொண்டது. பழகிய கண்ணுக்குத் தட்டின் மறுமூலையில் கிடந்தாலும் தெரிந்துவிடும். அது மேல்நீரில் வாழ்வது என்பதால் மேல்நீரின் நிலையைச் சொல்லும். அதே துண்டிலிருந்து அடிச்சேற்றில் வாழ்ந்த சிபிசிடாய்டிஸ் வகையையும் பொறுக்கினால் ஆழ்நீரின் நிலை கிடைக்கும். அது அரிதாகவே அகப்படும். ஒரு துண்டு முழுவதையும் தேடி நாலைந்துக்கு மேல் கிடைக்காத நாட்களில் கழுத்து இறுகிப்போகும்.

ஒரே ஓட்டை வைத்து எண் எடுப்பது வழக்கமில்லை. மிதக்கும் வகைகளின் வாழ்நாள் சில வாரங்களே. ஒன்று சித்திரை வெயிலில் வாழ்ந்திருக்கலாம், இன்னொன்று மார்கழியில். ஆகவே பத்துப் பதினைந்து ஓடுகளைச் சேர்த்து நொறுக்கி, மெத்தனாலில் அதிரவைத்து அழுக்கை நீக்கி, 70 டிகிரியில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுவிடுவார்கள். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் 44, 45, 46 என்ற நிறைகளாகப் பிரித்து, தெரிந்த ஒரு தரமாதிரியோடு மாற்றி மாற்றி ஒப்பிடும். தொடக்கத்தில் அந்தத் தரமாதிரி, அமெரிக்காவின் தென் கரோலினாவில் பீ டீ பாறையடுக்கிலிருந்து எடுத்த பெலம்னைட்டு என்ற புதைபடிவம்; அது தீர்ந்துபோய் இப்போது அதற்கு இணைவைத்த வேறு மாதிரிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆயிரத்தில் 0.1 பங்குக்கும் குறைவான பிழையோடு எண் கிடைக்கும். பனிப்பாளங்கள் பரந்திருந்த பனியூழிக் காலத்துக்கும் இன்றைக்கும் ஓட்டில் உள்ள வேறுபாடு ஆயிரத்தில் 1.5 பங்குக்கு மேலும் போவதால் அந்தத் துல்லியம் போதும்.

5 ஆகஸ்ட்

இரணியல் வாசகி கேட்டது: "பனியா, குளிரா என்று முதலில் பிரித்தவர் யார்?"

செசாரே எமிலியானி 1955இல் கரீபியன் கடலிலும் அட்லாண்டிக்கிலும் எடுத்த உருளைகளை அளந்து, பனியூழிகள் பலமுறை வந்துபோனதைக் காட்டினார். அதற்குமுன் ஐரோப்பிய நிலவியலில் நான்கு பனியூழிகள் என்ற கணக்கே ஆட்சி செய்தது. ஓட்டின் மாற்றத்தில் பெரும்பங்கு வெப்பநிலையால் வந்தது என்றும், வெப்பமண்டலக் கடல் சுமார் 6 டிகிரி குளிர்ந்தது என்றும் அவர் கொண்டார். 1967இல் கேம்பிரிட்ஜின் நிக்கலஸ் ஷாக்கிள்டன் அடிச்சேற்று வகைகளை எடுத்துக்கொண்டு வேறு வழியில் கேட்டார்: ஆழ்கடல் இன்றே உறைநிலைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது, அது 6 டிகிரி குளிர இடமே இல்லை, அப்படியிருக்க ஆழ்நீர் ஓட்டிலும் மேல்நீர் ஓட்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு மாற்றம் தெரிவது எப்படி? இரண்டுக்கும் பொதுவானது கடல்நீரே. ஆகவே மாற்றத்தின் பெரும்பகுதி பனியின் கணக்கு.

கருவி புதிதில்லை, சேறு புதிதில்லை. எந்த உயிரியை எடுத்து அளப்பது என்ற தேர்வு ஒன்றினாலேயே வழக்குத் திரும்பியது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இதுதான்.

6 ஆகஸ்ட்

நேற்று எழுதியதை அப்படியே விட்டால் ஷாக்கிள்டன் சொன்னதோடு வழக்கு முடிந்ததாகத் தோன்றும். முடியவில்லை. 1990களில் டேனியல் ஷ்ராக்கும் உடனிருந்தோரும் கடலடிச் சேற்றின் இடுக்குகளில் சிக்கி மெதுவாகப் பரவிக்கொண்டிருக்கும் பழைய நீரையே பிழிந்தெடுத்து அளந்தார்கள். பனியூழி உச்சத்தில் கடல்நீர் இன்றைவிட ஆயிரத்தில் ஏறத்தாழ 1 பங்கு கனமாக இருந்தது என்பது அதிலிருந்து நேரடியாகக் கிடைத்தது. ஆழ்நீர் ஓடுகளில் தெரியும் மொத்த மாற்றம் அதைவிட மிகுதி. எஞ்சியது குளிர்ச்சியின் பங்கு. அதாவது ஆழ்கடலும் சில டிகிரி குளிர்ந்து உறைநிலையை ஒட்டி நின்றது. பனிக்கே பெரும்பங்கு என்ற ஷாக்கிள்டனின் முடிவு நிற்கிறது. ஆழ்கடல் குளிரவே இல்லை என்று அதை நீட்டிப் படிப்பதுதான் நிற்காது.

120 மீட்டர் என்பதற்கும் ஓடு மட்டும் சாட்சி இல்லை. 1989இல் ரிச்சர்ட் ஃபேர்பேங்க்ஸ் பார்படோஸ் தீவின் கரையோரத்தில் மூழ்கிக் கிடந்த பவளப்பாறைகளைத் துளைத்து, கடல்மட்டத்தை ஒட்டியே வாழும் ஒரு பவள இனம் எந்த ஆழத்தில் எந்தக் காலத்தில் இருந்தது என்று பார்த்தார். பனியூழி உச்சத்துக்கு அவர் பெற்ற அளவும் ஏறத்தாழ 120 மீட்டர்தான். 10 மீட்டர் கடல் இறக்கத்துக்கு ஆயிரத்தில் சுமார் 0.1 பங்கு என்ற மாற்றுவிகிதம் இப்படிப்பட்ட ஒப்பீடுகளால்தான் நிலைபெற்றது. ஓட்டின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மீட்டர் கணக்குச் சொல்லும் காணொளிகள் இந்தப் பவளப்பாறையை விட்டுவிடுகின்றன.

6 ஆகஸ்ட், மாலை

சின்னமுட்டம் கடற்கரை மணலை அள்ளி நாமே பார்க்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: நல்ல லென்ஸ் இருந்தால் அவசியம் பாருங்கள். கறுப்பாகத் தெரிவதில் இல்மனைட் மிகுதி, சிவப்பு கார்னெட், ஒளி ஊடுருவுவது குவார்ட்ஸ். இடையில் சுருள்வட்டமாக வெளுத்துத் தெரிவது ஃபொராமினிஃபெராவாக இருக்கக்கூடும். ஆனால் அதிலிருந்து பழங்கடலைப் படிக்க இயலாது. அலை புரட்டிப் புரட்டி, நேற்று செத்ததும் பல்லாயிரம் ஆண்டுக்கு முந்தையதும் ஒரே பிடியில் கலந்திருக்கும். வரிசை கலையாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த சேறு வேண்டும். அது அலை எட்டாத ஆழத்தில்தான் கிடைக்கும்.

8 ஆகஸ்ட்

மூன்றாம் தேதி பனி, வெப்பம் என்று இரண்டை மட்டும் சொன்னேன். நம் கடலுக்கு அது போதாது. மூன்றாவது ஒன்று இருக்கிறது. குமரிமுனையில் நின்று பேசும்போது அதுவே முதன்மையானது என்பது என் கருத்து.

வங்காள விரிகுடாவுக்குக் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் மகாநதியும் கோதாவரியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் ஏராளம். மேலே மழையும் கொட்டுகிறது. மழைநீரும் ஆற்றுநீரும் கடல்நீரைவிட இலேசானவை. ஆகவே விரிகுடாவின் மேல்நீரில் உப்பும் குறைவு, ஆக்சிஜன்-18உம் குறைவு. அரபிக்கடலில் ஆவியாதல் மிகுதி என்பதால் அங்கே நேர்மாறு. விரிகுடாவில் உப்பளவு ஓர் அலகு (ஒரு கிலோ நீருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு) குறையும்போது நீரின் ஆக்சிஜன் எண் ஆயிரத்தில் ஏறத்தாழ 0.2 பங்கு இறங்குகிறது. நான்கைந்து அலகு உப்பு மாறினால் பனியூழிப் பனி முழுவதற்கும் சமமான மாற்றம் வந்துவிடும். நம் பகுதியிலிருந்து எடுத்த ஒரு மேல்நீர் ஓட்டின் எண் ஏறியிருக்கிறது என்றால் அது பனியா, குளிரா, மழை பொய்த்ததா என்று கேட்காமல் ஓரடியும் எடுத்துவைக்க முடியாது.

இரண்டு கடலும் நம் முனையில் கலக்கின்றன என்று சுற்றுலா வருபவர்களுக்குச் சொல்கிறோம். அந்தக் கலப்புக்குப் பருவம் உண்டு. ஐப்பசிக்குப் பின் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு குமரிக்குத் தெற்கே மேற்கு நோக்கிப் பாய்ந்து அரபிக்கடலின் தென்கிழக்கு மூலைக்குள் புகுகிறது. முட்டத்தில் என் மாமாவுக்கு உப்பளவு, ஆக்சிஜன் எண் எதுவும் தெரியாது. கார்த்திகை, மார்கழியில் நீவாடு (கடல் நீரோட்டம்) கிழக்கேயிருந்து வருவதை வலை இழுபடும் போக்கிலேயே சொல்லிவிடுவார். தென்மேற்குப் பருவக்காற்றில் ஓட்டம் திரும்பிக் கிழக்கு நோக்கிப் போகும்.

பனியூழியில் இந்த ஓட்டம் என்ன ஆயிற்று? 1982இல் ழான்-க்ளோட் டுப்ளெஸ்ஸி வட இந்தியப் பெருங்கடல் உருளைகளின் ஓடுகளை ஒப்பிட்டு, பனியூழி உச்சத்தில் தென்மேற்குப் பருவமழை தளர்ந்திருந்தது, விரிகுடாவுக்கு வந்த நன்னீர் இன்றைவிடக் குறைவு என்று முடிவுகட்டினார். 1990இல் அனிந்திய சர்க்கார், ஆர். ரமேஷ் முதலியோர் அரபிக்கடலின் கிழக்குப் பகுதியில் எடுத்த உருளைகளை அளந்து, குளிர்காலத்தில் விரிகுடாவிலிருந்து மேற்கே வரும் ஓட்டம் பனியூழியில் இன்றைவிட வலுவாக இருந்தது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அவர்கள் பேசும் அந்த நீர் நம் முனையைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர் அந்த ஆய்வுகளின் தலைப்பில் இல்லாவிட்டாலும், அவை நம் வாசலில் நடந்ததைப் பற்றியவை.

9 ஆகஸ்ட்

ஒரு நண்பர் தனிச்செய்தியில் மறுக்கிறார்: விரிகுடாவில் நன்னீர் குறைந்தது என்றால், அங்கிருந்து வரும் உப்புக் குறைந்த நீர் மட்டும் எப்படி வலுவாக வரும்? நியாயமான கேள்வி. எவ்வளவு நீர் வருகிறது என்பதும், வரும் நீர் எவ்வளவு இலேசானது என்பதும் வேறுவேறு. தென்மேற்குப் பருவமழை தளர்ந்து, குளிர்காலக் காற்று வலுத்தால், விரிகுடா நீர் முன்பைவிடச் சற்று உப்பேறியிருந்தாலும் அது அரபிக்கடல் நீரைவிட இலேசாகவே இருக்கும். அது மிகுதியாக வந்தால் அரபிக்கடலின் கிழக்கு ஓரத்து ஓடுகளில் தடம் பதியும். இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று வெட்டவில்லை. ஆயினும் இரண்டும் எத்தனை விழுக்காடு என்று சொல்ல ஆக்சிஜன் எண் மட்டும் போதாது என்பதில் அவரோடு உடன்படுகிறேன்.

ஒரு துணைச்செய்தி. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்னிந்தியாவில் எடுத்த அளவுகளின்படி, பொதுவாக வடகிழக்குப் பருவமழையின் நீர் தென்மேற்குப் பருவமழையைவிட இலேசானது. குழித்துறையாற்றில் ஆனியில் ஓடும் வெள்ளமும் ஐப்பசியில் ஓடும் வெள்ளமும் கண்ணுக்கு ஒன்றுதான். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை.

12 ஆகஸ்ட்

குமரிக்கண்டம். இதைத் தவிர்த்துவிட்டுப் போவது கேட்டவருக்குச் செய்யும் நியாயமாகாது.

கடல் 120 மீட்டர் இறங்கினால் வெளிப்படுவது கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டி நீளும் ஆழமற்ற கடலடி. நம் முனைக்குத் தெற்கே விசைப்படகுகள் போகும் வெட்ஜ் பேங்க் 200 மீட்டருக்குள் ஆழமுள்ள மேடை. அதில் கணிசமான பகுதி அன்று தரையாக இருந்திருக்கும். பாக் நீரிணை முழுவதும் தரை. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். இவ்வளவும் உண்மை. அந்த மேடையின் தென்விளிம்பைத் தாண்டினால் கடலடி சரிந்து ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. 120 மீட்டர் இறக்கம் அங்கே ஒரு சாண் நிலத்தையும் வெளிக்கொணராது. இந்தியப் பெருங்கடலுக்குக் குறுக்கே ஒரு கண்டம் இருந்தது என்ற கருத்து, 1864இல் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் லெமூர் விலங்குகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் பரவியிருந்ததை விளக்க முன்வைத்த ஊகம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்த ஊகத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

மூழ்கிய அந்தக் கண்டத்திட்டைச் சிறிய செய்தி என்று நான் நினைக்கவில்லை. சுமார் 19,000 ஆண்டுகளுக்கு முன் ஏறத் தொடங்கிய கடல் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. சராசரியாக நூறாண்டுக்கு ஒரு மீட்டர். 14,600 ஆண்டுகளுக்கு முன்னர் வந்த ஒரு பெரும் உருகலில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. தட்டையான மேடையில் நூறாண்டுக்கு மூன்று மீட்டர் என்றால், பாட்டன் குடியிருந்த இடம் பேரன் காலத்தில் கடலாகியிருக்கும். அங்கே மனிதர் வாழ்ந்தனரா, வாழ்ந்தவர் எந்த மொழி பேசினர் என்பதற்கு ஓட்டில் பதில் இல்லை. அதற்குக் கடலடி அகழ்வு வேண்டும். கடல்கோள் பற்றிய நம் பழைய நினைவுகளை மதிக்கிறேன். அவற்றை மதிப்பவர்கள்தாம் ஓடு சொல்லாத ஒன்றை ஓட்டின் தலையில் கட்டாமல் இருக்கவேண்டும்.

13 ஆகஸ்ட்

"சேற்றுக்கு வயது எப்படி?" சுருக்கமாக: ஏறத்தாழ 50,000 ஆண்டு வரை ரேடியோகார்பன் (ஓட்டில் உள்ள கதிரியக்கக் கார்பன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற கணக்கு). அதற்குமேல் புவிக்காந்தம் திசைமாறிய அடுக்கு, எரிமலைச் சாம்பல், சில இனங்கள் மறைந்த அடுக்கு. நான் சொன்ன ரூபர் இனத்தில் இளஞ்சிவப்பு ஓடு ஒரு வகை. அது அட்லாண்டிக்கில் இன்றும் வாழ்கிறது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோயிற்று. நம் பக்கத்து உருளை ஒன்றில் இறங்கிக்கொண்டே போகும்போது வெள்ளைக் குவியலுக்கு நடுவே முதல் இளஞ்சிவப்பு ஓடு தட்டில் தெரியும் கணத்தில், எந்தக் கணக்கும் போடாமலே அடுக்கின் வயது தெரிந்துவிடும். அந்த மகிழ்ச்சி எனக்கு இன்றும் குறையவில்லை.

1976இல் ஜேம்ஸ் ஹேய்ஸ், ஜான் இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் புவியின் சுற்றுப்பாதை மாற்றங்களே பனியூழிகளின் தாளத்தை வகுக்கின்றன என்று காட்டியது இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எடுத்த இரண்டு உருளைகளைக் கொண்டுதான். 4,50,000 ஆண்டுப் பதிவில் சுமார் 1,00,000, 42,000, 23,000 ஆண்டு அலைவுகள் தெரிந்தன.

17 ஆகஸ்ட்

கொட்டாரம் வாசகரின் கடைசிக் கேள்வி: நம் முனைக்கு அப்பால் ஓர் உருளை எடுத்தால் என்னென்ன அளக்கவேண்டும்?

இடத்தை முதலில் சொல்கிறேன். வெட்ஜ் பேங்க் மேடையே வேண்டாம். பனியூழியில் அது தரையாகவோ அலையடிக்கும் கரையாகவோ இருந்ததால் சேற்று வரிசை அறுந்திருக்கும். அதைத் தாண்டிய சரிவில், சேறு சரிந்து விழாத இடமாகப் பார்க்கவேண்டும். மிக ஆழமும் கூடாது. ஆழம் கூடக்கூட ஓடுகள் கரையத் தொடங்கும்.

ஒவ்வொரு துண்டிலும் ரூபரை ஒரே பருமனில் பொறுக்கி, பாதியை ஆக்சிஜனுக்கும் மறுபாதியை மக்னீசியத்துக்கும் அனுப்பவேண்டும். நீர் ஒரு டிகிரி சூடேறினால் ஓட்டில் கால்சியத்துக்கு எதிரான மக்னீசியத்தின் பங்கு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. உப்பின் தாக்கமும் சிறிது உண்டு என்றாலும் முதன்மையாக அது வெப்பநிலையின் கணக்கு. ஆக்சிஜன் எண்ணிலிருந்து வெப்பத்தின் பங்கை அப்படிக் கழித்து, பனியின் பங்கை உலகக் கடல்மட்ட வரிசையிலிருந்து கழித்தால், எஞ்சுவது உள்ளூர் நீரின் எண்: மழை, ஆறு, ஓட்டம். ஒவ்வொரு கழித்தலிலும் பிழை சேர்ந்துகொண்டே வரும் என்பதால் எஞ்சிய எண்ணில் 0.2, 0.3 அளவுள்ள ஏற்ற இறக்கங்களை வைத்துக் கதை கட்டக்கூடாது. சேற்றைப் புழுக்கள் குடைந்து மேலது கீழதைக் கலக்கிவிடுவதும் உண்டு. சேறு மெதுவாகப் படியும் இடங்களில் அது சில ஆயிரம் ஆண்டுகளை ஒன்றாகக் குழப்பிவிடும்.

என்னிடம் கேட்டால் ஓர் உருளை போதாது, இரண்டு வேண்டும் என்பேன்: ஒன்று முனைக்குக் கிழக்கே மன்னார் வளைகுடாவின் தென்சரிவில், மற்றொன்று மேற்கே தேங்காப்பட்டணத்துக்கு நேர் அப்பால். பனியின் பங்கு இரண்டிலும் ஒன்றே என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தாலே அது அடிபட்டுப்போகும். வெப்பநிலை வேறுபாடும் அவ்வளவு பெரிதாக இராது. குளிர்கால ஓட்டம் வலுவாக இருந்த காலங்களில் இரண்டு எண்களும் நெருங்கும், தளர்ந்த காலங்களில் விலகும் என்பது என் எதிர்பார்ப்பு. விரிகுடாவே அடியோடு உப்பேறிய காலங்களில் ஓட்டம் தளர்ந்திருந்தாலும் எண்கள் நெருங்கிவிடும். அதைப் பிரித்தறிய விரிகுடாவின் நடுவில் எடுத்த மூன்றாவது உருளை ஒன்றின் எண்களும் பக்கத்தில் இருக்கவேண்டும்.